கினோவா தானியத்தைக் குக்கரில் சமைக்கும் முறை

சென்ற சில ஆண்டுகளாக நம் நகரங்களின் மளிகைக் கடைகளில் கினோவா என்னும் தானியம் ஒன்று விற்பனைக்கு வந்துள்ளது. வெளிநாட்டில் பணிபுரியும் பிள்ளைகள் வாயிலாகவும், உடல்நலம் பற்றிய செய்திகள் வாயிலாகவும் இது கிராமங்களுக்குள்ளும் மெல்ல நுழைந்துவிட்டது. "குக்கரில் வைத்தால் குழைந்துவிடுகிறது, சில வேளை கசக்கிறது, இதனை எவ்வாறு சமைப்பது?" என்று மகளிர் குழுக் கூட்டங்களில் கேட்கின்றனர். "இதனைப் பயிரிட்டால் இலாபம் உண்டா?" என்று விவசாயிகள் கேட்கின்றனர். முதற் கேள்விக்குச் சரியான விடையை அறிந்துகொண்டால் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை கிடைத்துவிடும் என்பது என் எண்ணம். ஆகவே சமையலிலிருந்தே தொடங்குவோம்.

கினோவாவைச் சிலர் சீமைத்தினை என்றும் கூறுவர். ஆயினும் இது தினையின் இனத்தைச் சேர்ந்ததன்று. நெல், கம்பு, சோளம் முதலிய புல்லினத் தானியங்களுள் எதனோடும் இதற்கு உறவில்லை. நம் தோட்டங்களில் தானே முளைக்கும் சக்கரவர்த்திக் கீரைக்கும் பீட்ரூட்டுக்கும் இது நெருங்கிய சுற்றம். ஆள் உயரம் வளரும் செடியின் உச்சியில், விதைக்கு விட்ட தண்டுக்கீரையைப் போலப் பூங்கொத்து தோன்றி, அதில் விதை பிடிக்கிறது. விதை கடுகைவிடச் சற்றே பெரியது. தட்டையான வட்ட வடிவினது. வெள்ளை, சிவப்பு, கறுப்பு என மூன்று நிறங்களில் கடைக்கு வருகிறது. சுருங்கச் சொன்னால், தானியமாக உண்ணப்படும் கீரை விதை இது. இதன் முளை விதைக்குள் ஒளிந்திராமல், அதன் விளிம்பைச் சுற்றி வளையம்போல் அமைந்துள்ளது. வெந்தவுடன் அவ்வளையம் பிரிந்து வெண்ணிறச் சிறு வால்போல் வெளியே சுருண்டு நிற்கும். வெந்ததா இல்லையா என்பதற்கு அதுவே அடையாளம்.

இதன் தாயகம் தென் அமெரிக்காவிலுள்ள ஆண்டிஸ் மலைநாடு. பெரு, பொலிவியா ஆகிய இரு நாடுகளுக்கும் பொதுவான டிட்டிகாக்கா ஏரியைச் சுற்றியுள்ள உயர்ந்த மேட்டு நிலத்தில் அய்மாரா, கெச்சுவா இனத்து உழவர்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இதனை விளைவித்து வருகின்றனர். அவ்வேரி கடல் மட்டத்திலிருந்து 3,812 மீட்டர் உயரத்தில் உள்ளது. நமது உதகமண்டலத்தின் உயரம் ஏறக்குறைய 2,240 மீட்டரே என்பதை நினைத்தால் அவ்விடத்தின் தன்மை விளங்கும். பனி கொட்டும் இரவுகள், குறைந்த மழை, தெற்கே செல்லச் செல்ல உப்புப் படிந்த மண். நெல்லும் கோதுமையும் எளிதில் தழைக்காத அந்நிலத்தில் உருளைக்கிழங்கும் கினோவாவுமே மக்களைக் காத்து வந்தன. கினோவாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பாலும் பாலாடைக்கட்டியும் சேர்த்து உண்பர். இதற்குப் பெஸ்கே என்று பெயர். மாவாக்கிப் பிசைந்து, நம் கொழுக்கட்டையைப் போல ஆவியில் வேகவைத்து, வழிப்பயணத்திற்கும் வயல் வேலைக்கும் எடுத்துச் செல்வர். இதற்குக் கிஸ்பிஞா என்று பெயர்.

இத்தகைய உயரத்தில் சமையல் செய்வது எளிதன்று. கடற்கரையில் நீர் 100 டிகிரி சென்டிகிரேடில் கொதிக்கிறது. உயரம் ஏற ஏறக் காற்றின் அழுத்தம் குறைவதால் நீர் குறைந்த உஷ்ணத்திலேயே கொதித்துவிடும். உதகையில் ஏறக்குறைய 92 அல்லது 93 டிகிரியிலும், டிட்டிகாக்கா ஏரிக்கரையில் ஏறக்குறைய 87 டிகிரியிலும் நீர் கொதிக்கிறது. கொதி வந்த பின் அடுப்பை எவ்வளவு மூட்டினாலும் நீரின் உஷ்ணம் அதற்கு மேல் ஏறாது. ஆவிதான் மிகும், விறகுதான் வீணாகும். பானை தளதளவென்று கொதித்துக்கொண்டே இருக்கும், உள்ளே பண்டம் வேகாது. நீலகிரியில் திறந்த பாத்திரத்தில் துவரம் பருப்பை வேகவைத்துப் பார்த்த தாய்மார்களுக்கு இதனை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

விறகும் அங்கே அரிது. மரம் வளரும் எல்லைக்கு மேற்பட்ட நிலமாதலால், லாமா என்னும் மிருகத்தின் உலர்ந்த சாணத்தையும், தோலா என்னும் குத்துச்செடியையும் எரித்தே கிராமங்களில் நெடுங்காலம் சமைத்து வந்தனர். யாரெட்டா என்று ஒரு தாவரம் உண்டு. பாசி படர்ந்த பாறைபோல் தரையோடு தரையாய் மண்டி, ஆண்டுக்கு ஓரிரு சென்டிமீட்டர் மட்டுமே வளர்வது. பிசின் நிறைந்து நன்றாக எரியும் என்பதால் அதனையும் வெட்டி எரித்தனர். பல இடங்களில் அது அருகிவிட்டது. நூற்றாண்டுகள் வளர்ந்த செடி சில வேளைச் சமையலுக்குச் சாம்பலாயிற்று. இத்தகைய நாட்டில் பிரஷர் குக்கர் பகட்டுப் பொருளன்று, எரிபொருளையும் பெண்களின் உழைப்பையும் காக்கும் கருவியாகும்.

குக்கரின் தத்துவம் பழமையானது. டெனிஸ் பாப்பின் என்னும் பிரெஞ்சு நாட்டு அறிஞர் 1679-ஆம் ஆண்டில் லண்டனில் இத்தகைய பாத்திரத்தை முதன்முதலில் செய்து காட்டினார். இறுக மூடிய பாத்திரத்தில் ஆவி வெளியேற வழியின்றி அழுத்தம் உயரும். அழுத்தம் உயர்ந்தால் நீர் கொதிக்கும் உஷ்ணமும் உயரும். நம் வீடுகளில் உள்ள சாதாரணக் குக்கரின் எடைக்குண்டு, அதாவது நாம் வெயிட் என்று சொல்லும் பாகம், சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம் அழுத்தம் வரை ஆவியைத் தடுத்து நிறுத்துகிறது. அப்போது சமவெளியில் உள்ளே இருக்கும் உஷ்ணம் ஏறக்குறைய 120 டிகிரி. அதே குக்கரை டிட்டிகாக்கா கரைக்குக் கொண்டு சென்றால் 113 டிகிரி அளவே கிட்டும். ஏனெனில் வெயிட் தரும் அழுத்தம் அவ்விடத்துக் காற்றழுத்தத்தின் மேல்தான் கூடுகிறது, அக்காற்றழுத்தமோ குறைவு. எனினும் 87 எங்கே, 113 எங்கே! பத்து டிகிரி உஷ்ணம் கூடினால் வேகும் நேரம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும் என்று ஒரு பொதுக் கணக்கு உண்டு. அக்கணக்கின்படி பார்த்தால், அங்குள்ள குடும்பத்திற்கு அக்கருவியின் பயன் எத்தகையது என்பது தெளிவாகும்.

நம் சமவெளியில் நிலைமை வேறு. கினோவா திறந்த பாத்திரத்திலும் கால் மணி நேரத்தில் வெந்துவிடும். குக்கரில் வைப்பதன் பயன், அழுத்தம் வந்தவுடன் அடுப்பை அணைத்துவிடலாம் என்பதே. மீதி வேலையைப் பாத்திரத்தின் சூடே முடித்துவிடும். கிளற வேண்டியதில்லை, அடி பிடிக்கிறதா என்று காத்து நிற்க வேண்டியதில்லை.

சமைப்பதற்கு முன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை கழுவுதல். கசப்புக்கும், குக்கரில் ஏற்படும் தொல்லைக்கும் காரணம் ஒன்றே. கினோவா விதையின் மேல்தோலில் சபோனின் என்னும் பொருள் உள்ளது. நம் சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரை தருவது இவ்வகைப் பொருளே. இக்கசப்பு செடிக்கு ஒரு காவல்; கசப்பு மிகுந்த வகைகளைப் பறவைகள் அதிகம் தீண்டுவதில்லை. ஆண்டிஸ் உழவர்கள் தானியத்தைச் சற்றே வறுத்து, கல் தொட்டியிலிட்டுக் காலால் மிதித்துத் தோலை அகற்றி, தூற்றி, பிறகு பல முறை நீரில் அலசுவர். இது நாள் முழுவதும் பிடிக்கும் கடும் வேலை. பெரும்பாலும் பெண்கள் தலையில் விழும் வேலை. கடையில் வாங்கும் அரிசியையும் சேமியா வகைகளையும் நேரே அடுப்பில் வைத்துவிடலாம், கினோவாவை அவ்வாறு வைக்க முடியாது. விளைவித்தவர் வீட்டிலேயே இத்தானியம் குறைவாகச் சமைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம் ஆயிற்று. பின்னாளில் தோல் நீக்கும் இயந்திரங்கள் வந்தன.

நம் கடைகளுக்கு வருவது பெரும்பாலும் இயந்திரத்தில் தோல் நீக்கிக் கழுவப்பட்ட சரக்கு. ஆயினும் அதனை நம்பி அப்படியே உலையிலிடலாகாது. அகன்ற பாத்திரத்தில் இட்டு, நீர் ஊற்றி, கையால் நன்கு தேய்த்து அலச வேண்டும். முதல் நீரில் சோப்பு நுரைபோல் எழும். நுரை அடங்கும் வரை, அதாவது நான்கைந்து முறை, நீரை மாற்ற வேண்டும். பிறகு ஒரு மணியை வாயிலிட்டுக் கடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கசந்தால் இன்னும் கழுவ வேண்டும். மணி மிகச் சிறியதாகையால் அரிசி களைவதுபோல் சாய்த்து வடித்தால் பாதி நீரோடு போய்விடும். மெல்லிய துணியிலோ, தேநீர் வடிகட்டி போன்ற நெருங்கிய சல்லடையிலோ வடிகட்டுவதே தக்கது. கழுவிய நீரைத் தென்னை மரத்தடியில் ஊற்றலாம். மகளிர் குழுவினர் விற்பனைக்காகப் பெருமளவில் கழுவுவதாயின் அந்நீரை மீன் வளர்க்கும் குட்டையில் விடுதல் கூடாது. சபோனின் மீன்களுக்கு நஞ்சாகும்.

இனிச் சமைக்கும் அளவு. நன்கு வடித்த கினோவா ஒரு டம்ளருக்கு ஒன்றரை டம்ளர் நீர் போதும். அரிசிக்கு ஊற்றும் பழக்கத்தில் இரண்டரை, மூன்று என்று ஊற்றுவதாலேயே இது கூழாகிப் போகிறது. சிறிது உப்பும், ஒரு சிறு கரண்டி எண்ணெயும் சேர்க்க வேண்டும். எண்ணெய் ருசிக்காக மட்டுமன்று, நுரை பொங்குவதை அது அடக்கும். மூடியை இட்டு, ஆவிக்குழாயிலிருந்து ஆவி சீராக வந்த பின் வெயிட்டைப் போட்டு, நடுத்தரத் தீயில் ஒரு விசில் வந்தவுடன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். சிவப்பும் கறுப்பும் சற்றே கடினமான தோல் உடையன; அவற்றிற்கு விசில் வந்த பின் மேலும் ஓரிரு நிமிடம் சிறு தீயில் வைக்கலாம். அணைத்த பின் அழுத்தம் தானே இறங்கும் வரை, ஏறக்குறையப் பத்து நிமிடம், பாத்திரத்தைத் தொடாமல் விட வேண்டும். பொறுமையின்றி வெயிட்டைத் தூக்கி ஆவியை விட்டால் நுரை சீறி வெளியே தெறிக்கும், மணியின் உள்ளும் முழுதும் வேகாது. திறந்தபின் முள்கரண்டியாலோ அகப்பைக் காம்பாலோ மெல்லக் கிளறி ஆறவிட்டால் மணி மணியாக நிற்கும். உப்புமா, எலுமிச்சை சாதம், தயிர் சாதம் முதலிய எதற்கும் இது ஏற்றது. சாம்பாரோடு பிசைந்து உண்பதற்குச் சிலர் விரும்புவதில்லை; பழக்கமே காரணம்.

மற்றொரு முறை உண்டு. முதன்முறை சமைப்போருக்கு அதனையே நான் பரிந்துரைப்பேன். குக்கரின் அடியில் இரண்டு டம்ளர் நீர் ஊற்றி, தட்டு வைத்து, அதன் மேல் ஒரு சிறு பாத்திரத்தில் கினோவாவையும் அதற்குரிய ஒன்றரை பங்கு நீரையும் இட்டு, மூடி, இரண்டு விசில் வரும் வரை வைப்பதாகும். நம் வீடுகளில் அரிசியும் பருப்பும் அடுக்கி வைக்கும் அதே முறைதான். நுரை எழுந்தாலும் அது சிறு பாத்திரத்தின் எல்லைக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும்.

இங்கே ஓர் ஆபத்தைக் குறித்து விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. நுரைக்கும் பண்டங்களும் சிறு மணிகளும் குக்கரின் ஆவிக்குழாயில் போய் அடைத்துக்கொள்ளக் கூடியவை. கழுவாத கினோவாவில் இரண்டு குணமும் ஒருங்கே உள்ளன. ஆவிக்குழாய் அடைபட்டால் விசில் வராது. விசில் வரவில்லையே என்று நாம் தீயைப் பெரிதாக்குவோம். உள்ளே அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். அப்போது மூடியிலுள்ள பாதுகாப்பு வால்வுதான் உயிர் காக்கும். அதன் உட்பொருள் உஷ்ணத்தில் உருகி ஆவிக்கு வழி விடும்படி அமைக்கப்பட்டது. அவ்வால்வு ஒருமுறை போய்விட்டால், அந்தந்தக் குக்கருக்கு உரிய வால்வையே வாங்கிப் பொருத்த வேண்டும். ஈயத்தை உருக்கி ஊற்றி அடைப்பதும், கிடைத்த திருகாணியை முறுக்கி வைப்பதும் சந்தையில் பழுது பார்ப்போர் சிலரிடம் காணப்படும் வழக்கம். இது குண்டு ஒன்றை அடுப்பில் வைப்பதற்குச் சமம்.

ஆகவே குக்கரின் உள்ளளவில் பாதிக்கு மேல் கினோவாவும் நீரும் இருத்தல் கூடாது. ஒவ்வொரு முறையும் மூடியைத் தூக்கி வெளிச்சத்திற்கு எதிரே பிடித்து, ஆவிக்குழாயின் துவாரம் தெளிவாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அடைப்பு இருந்தால் கம்பியால் நீக்க வேண்டும். ரப்பர் வளையம் தளர்ந்தாலோ வெடித்தாலோ மாற்றிவிட வேண்டும். வழக்கமான நேரத்திற்குள் விசில் வராவிட்டால் முதலில் அடுப்பை அணைத்து, குக்கர் முழுதும் ஆறிய பின்பே திறந்து பார்க்க வேண்டும். வீட்டுக் குக்கர்களுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம் என்னும் மத்திய அரசின் ஆணை 2021-ஆம் ஆண்டு முதல் நடைமுறையில் உள்ளது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் முத்திரையற்ற பாத்திரங்களைப் பள்ளிக்கோ, அங்கன்வாடிக்கோ, குழுவுக்கோ எவரும் வாங்காதபடி பஞ்சாயத்து உறுப்பினர்கள் கவனித்துக்கொள்ளலாம்.

விசில் எண்ணுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் வீடுகளில் சமையலின் கடிகாரமே விசில்தான். ஆனால் விசில் என்பது மிகுதியான ஆவி வெளியேறும் ஓசையே, காலத்தின் அளவன்று. பெருந்தீயில் மூன்று விசில் ஒரு நிமிடத்தில் வந்துவிடும், சிறு தீயில் ஒரு விசிலுக்கே ஐந்து நிமிடம் ஆகும். முதல் விசிலுக்குப் பின் தீயைக் குறைத்து நிமிடக் கணக்கில் சமைப்பதே சிக்கனமான வழி. ஒவ்வொரு விசிலும் நாம் காசு கொடுத்து வாங்கிய எரிவாயு ஆவியாகிப் போகும் சத்தம். பருப்பு, கொண்டைக்கடலை முதலிய எல்லாவற்றிற்கும் இது பொருந்தும்.

இனிச் சத்து பற்றிய செய்தி. சமைக்காத கினோவா 100 கிராமில் ஏறக்குறைய 14 கிராம் புரதம் உள்ளது. பச்சரிசியில் உள்ளதைப்போல் இது ஏறக்குறைய இரண்டு மடங்கு. உடலுக்கு இன்றியமையாத அமினோ அமிலங்கள் யாவும் இதில் இருப்பது உண்மையே. ஆனால் வெந்து நீர் ஏறிய பின் 100 கிராம் கினோவா சாதத்தில் புரதம் 4 கிராமைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். விளம்பரங்கள் இதனைச் சொல்வதில்லை. அரிசியில் குறைவாக உள்ள அமினோ அமிலத்தைப் பருப்பு நிரப்புகிறது. சோறும் பருப்பும் சேர்த்து உண்ணும் குடும்பம் அக்குறையின்றி வாழலாம். கேழ்வரகின் 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. கினோவாவில் 50-க்கும் குறைவு. கூலி வேலை செய்யும் குடும்பம் பிள்ளையின் நலத்திற்காக விலையுயர்ந்த கினோவாவை வாங்கித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. வசதியுள்ளோர் ஒரு மாறுதலுக்காக உண்டால் நல்லதே.

பயிரிடலாமா என்னும் கேள்விக்கு வருவோம். பொலிவியா நாட்டின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2013-ஆம் ஆண்டைக் கினோவா ஆண்டாகக் கொண்டாடியது. அதனையொட்டி உலகச் சந்தையில் இதன் விலை மிக உயர்ந்தது. விலையைக் கண்டு பெருநாட்டின் கடற்கரைச் சமவெளியிலும் வேறு பல நாடுகளிலும் இதனைப் பயிரிடத் தொடங்கினர். 2015-க்குப் பின் விலை வெகுவாகச் சரிந்தது. தலைமுறை தலைமுறையாக அதனை விளைவித்த மலைநாட்டு உழவர்களே அச்சரிவில் இடர்ப்பட்டனர். அவர்களுக்காவது வீட்டில் உண்ணும் பழக்கம் இருந்தது. நம் ஊரில் விளைந்த கினோவா விற்காமல் போனால் அண்டை வீட்டார் வாங்குவரா? தோல் நீக்கும் இயந்திரம் அருகில் உண்டா? குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவிக்கப்படும் பயிர்களில் கேழ்வரகும் கம்பும் சோளமும் உள்ளன; கினோவா இல்லை. விதையைக் கொடுத்து, விளைச்சலைத் தாமே வாங்கிக்கொள்வதாக எவரேனும் வந்தால், வாங்கும் விலை, தரம், தோல் நீக்கும் செலவு யாருடையது என்பன எழுத்தில் உள்ளனவா என்று பார்த்த பின்பே நிலத்தைக் கொடுக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் இறங்குமுன் வேளாண்மை அலுவலரைக் கலந்துகொண்டு சில சென்ட் நிலத்தில் சோதித்துப் பார்ப்பது நலம்.

2023-ஆம் ஆண்டு, நம் நாட்டின் கோரிக்கையை ஏற்று, உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டது. சாமை, தினை, வரகு முதலியன நம் மானாவாரி நிலங்களில் விளைபவை. அவற்றைச் சமைக்கத் தெரியாமையால் விலக்குவோர் நம்மிடையே பலர். கினோவாவுக்குச் சொன்ன குக்கர் முறை இவற்றிற்கும் சிறு மாற்றத்தோடு பொருந்தும். இவற்றில் சபோனின் தொல்லை இல்லை. கல்லும் உமியும் போகக் களைந்து அரைமணி நேரம் ஊறவைத்தால் போதும். சாமைக்கும் தினைக்கும் ஒரு டம்ளருக்கு இரண்டு முதல் இரண்டரை டம்ளர் நீர், நடுத்தரத் தீயில் இரண்டு விசில். உதிராக வேண்டுமாயின் நீரைக் குறைத்துக்கொள்ளலாம், பொங்கல் செய்வதாயின் பாசிப்பருப்புச் சேர்த்து நான்கு டம்ளர் வரை ஊற்றலாம். அழுத்தம் தானே இறங்கும்வரை திறக்கலாகாது என்னும் விதி இவற்றிற்கும் உண்டு.